மாதம் ஒரு நன்றி, படத்துடன்

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் என்று ஒரு கிராமம். பிரஷ்யா நாட்டு டோனா பிரபு கொடுத்த பணத்தில் 1827 வாக்கில் உருவான கிறிஸ்தவக் குடியிருப்பு அது. மிஷனரி ரேனியஸ் ஐயர் அந்தப் பிரபுவின் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார். தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரம் இருக்கிறது. அது நிலம் வாங்க உதவிய வணிகரின் பெயர். பணம் கொடுத்தவருக்கு நன்றி சொல்வதில் மிஷனரிகள் ஒருநாளும் குறை வைத்ததில்லை. அவர்களுக்குச் சோறு பொங்கியவர், பல்லக்குத் தூக்கியவர், தமிழ் சொல்லிக்கொடுத்தவர் பெயரில் ஓர் ஊர் உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை.

கடல் கடந்த மிஷனரிகள் அன்றாட வாழ்வில் எதற்கெல்லாம் நன்றி சொன்னார்கள் என்று எழுதித் தரச் சொன்னார் ஆசிரியர். காலை வெயில், குழந்தையின் சிரிப்பு என்று நாலு பத்தி எழுதியிருக்கலாம்தான். பழைய கதைகளைப் புரட்டினால் கிடைக்கும் சரக்கு கொஞ்சம் உறைப்பானது.

தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, ஒரு முதிய வாத்தியாரின் பள்ளியைத் தன் வீட்டுக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ', 'ஆ' எழுதினார். அச்சு இயந்திரம் பின்னால் வந்தது. அதைக் கொண்டுவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து பிரேசிலில் நிறுத்திவைத்தார்கள். கூடவே வந்த அச்சுத் தொழிலாளர் ஊர் வந்து சேராமலே இறந்துபோனார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகளோ பெரிது பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கின. இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தகட்டை உருக்கிச் சின்ன எழுத்துகள் வார்த்தார்கள் என்று சொல்வார்கள். பாலாடைக்கட்டி அனுப்பிய சங்கத்தின் பெயர் எல்லா வரலாற்று நூலிலும் இருக்கிறது. மணலில் எழுதச் சொல்லிக்கொடுத்த அந்த வாத்தியாரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

டோனாவூருக்கே திரும்புவோம். அயர்லாந்துக்கார மிஷனரியான எமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார்; 1951இல் சாகும்வரை தாய்நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. சிறு வயதில் தாய்க்கு இருப்பதுபோல் நீலக்கண் வேண்டுமென்று ஜெபித்து, மறுநாள் கண்ணாடியில் அதே பழுப்புக் கண்ணைப் பார்த்து ஏமாந்த குழந்தை அவர். பிற்காலத்தில் சேலை கட்டி, தோலில் காப்பிச் சாறு பூசி, உள்ளூர்ப் பெண்ணைப்போல அவர் நடமாடியபோது அந்தப் பழுப்புக் கண்தான் காட்டிக்கொடுக்காமல் காத்தது என்பார்கள். நன்றிக் கூட்டங்களில் பிரசங்கிமார் விடாமல் சொல்லும் கதை இது.

எனக்குப் பிடித்தது வேறு. கோயிலுக்கு விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி 1901 மார்ச்சில் தப்பி, அப்போது பண்ணைவிளையில் இருந்த எமியிடம் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின் வந்த பிள்ளைகளில் பலருக்குப் பிறந்த நாள் தெரியாது. பிறகு டோனாவூரில் எமி நடத்திய இல்லத்தில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் அந்த வீட்டுக்கு 'வந்த நாள்' எதுவோ, அதுவே அதற்குக் கொண்டாட்ட நாள். பெற்றதற்காக இல்லாமல், வந்ததற்காக ஒரு பிள்ளைக்கு நன்றி சொல்லும் வீடு. இதை எந்த நன்கொடையாளருக்காகவும் செய்யவில்லை. பிள்ளைகளை மதம் மாற்றவே இதெல்லாம் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அது தனி வழக்கு.

1931 அக்டோபரில் களக்காட்டில் இருட்டில் ஒரு குழியில் விழுந்து எமிக்குக் கால் முறிந்தது. அதன்பின் கிட்டத்தட்ட இருபது ஆண்டு பெரும்பாலும் ஒரே அறைதான். நோயாளிகளுக்கென்று சுகமாய் இருப்பவர்கள் எழுதும் ஆறுதல் புத்தகங்கள் தனக்கு ஒட்டவே இல்லை என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். வலி இல்லாதவர் சொல்லும் 'எல்லாவற்றுக்கும் நன்றி சொல்' எவ்வளவு எரிச்சலூட்டும் என்பது படுத்துக் கிடந்தவருக்குத் தெரியும்.

இதைவிட முக்கியமானது அதற்கும் முந்திய கதை. ஊழியம் பலிக்காத இடங்களைப் பலிக்கவில்லை என்றே எழுதி அவர் அனுப்பிய கையெழுத்துப் பிரதியை, ஊக்கம் தருவதாக இல்லை என்று இங்கிலாந்திலிருந்தவர்கள் திருப்பி அனுப்பினார்கள். உற்சாகமாக மாற்றி எழுத அவர் மறுத்துவிட்டார். 1903இல் அது உள்ளபடியே நூலாக வந்தது.

நூறு ஆண்டு கழிந்தும், உற்சாகச் செய்தி மட்டுமே கேட்கிற அந்த மனசு மாறவில்லை என்பதுதான் என் கவலை. இன்று மிஷனரியை அனுப்புகிற நாடு நம்முடையது. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் தமிழ்நாட்டுக் குருக்கள் பங்குப்பணி செய்கிறார்கள். ஒடிசாவிலும் குஜராத்திலும் நம் ஊர்ப் பிள்ளைகள் மொழி தெரியாத கிராமத்தில் குடியிருக்கிறார்கள். மாதம் பிறந்தால் ஜெபக் குறிப்பு எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் படம் போட வேண்டும். கிணற்றடியில் சிரிக்கும் பிள்ளைகள், கும்பிடும் கிழவி, 'தேவனுக்கே ஸ்தோத்திரம்'. வீட்டுக்காரர் வாடகைக்குக் கத்தியதையும், பையனுக்கு மலேரியா வந்ததையும், பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி கொண்டுவந்து கொடுத்ததையும் அதில் எழுதுவதில்லை. உண்மையில் அந்தக் கஞ்சிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவள் ஊழியத்தின் 'கனி' இல்லையே, குறிப்பில் இடம் எப்படிக் கிடைக்கும்? கணக்கு காட்டாவிட்டால் காணிக்கை எப்படி வரும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கணக்கு கேளுங்கள், தப்பில்லை. ஆனந்தத்துக்குக் கணக்கு கேட்பதுதான் தப்பு.

நன்றி மட்டும் போதாது என்பது வி. எஸ். அசரியாவுக்குப் புரிந்திருந்தது. கைப்பிடி அரிசி எடுத்துவைத்துக் காணிக்கை கொடுத்த திருநெல்வேலிச் சபைகளைக் கொண்டு 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியவர்களில் ஒருவர் அவர். 1910இல் எடின்பரோ மாநாட்டில் பேச நின்றபோது, மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்னார்; சொன்ன கையோடு, எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று கேட்டார். ஐயர்மார் கொடுத்தார்கள், இந்தியர்கள் வாங்கினார்கள்; ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பது அதன் பொருள். அவையில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

மாதா மாதம் ஒரு மிஷனரிக் குடும்பத்துக்குப் பணம் அனுப்புகிறவராக நீங்கள் இருந்தால், அடுத்த மாதம் படம் கேட்காதீர்கள். அங்கே உங்களுக்கு யார் கஞ்சி கொடுத்தார்கள், அவர்கள் பெயர் என்ன என்று கேட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் பணத்தை நிறுத்திவிடாதீர்கள்.