பழைய கிராஃபிக்ஸ் கார்டு இரண்டு: எது லாபம்?

சிவகாசியில் பகலெல்லாம் காலண்டர் டிசைன் போடும் கம்ப்யூட்டர், ராத்திரியில் கேம் மிஷினாக மாறிவிடும். அப்போது வருகிற கேள்விதான் இது: செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வாங்குவதா, ஆர்எக்ஸ் 570ஆ?

முன்னது என்விடியா 2016 அக்டோபரில் விட்டது. பின்னது ஏஎம்டி 2017 ஏப்ரலில். இரண்டிலும் மெமரி ஒரே வேகம், தடத்துக்கு நொடிக்கு 7 ஜிகாபிட். ஆனால் 1050 டிஐயில் சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே 128 தடங்கள், 570இல் 256. பெருக்கி எட்டால் வகுத்தால் நொடிக்கு 112, 224 ஜிகாபைட். ஆஃப்செட் மிஷினுக்குத் தாள் ஏறுவது போலத்தான். தாள் வராவிட்டால் எவ்வளவு பெரிய மிஷினும் சும்மா சுற்றும். கேமில் 570 தெளிவாக முந்துவதற்கு இது ஒரு காரணம்.

அந்த வேகத்துக்குக் கரண்டு வேண்டும். 1050 டிஐக்கு 75 வாட் போதும். மதர்போர்டு ஸ்லாட்டே கொடுத்துவிடும். 570 கேட்பது சுமார் 150 வாட். அதற்குத் தனி ஒயர், நல்ல எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு சேர்ந்து வந்த மலிவு எஸ்எம்பிஎஸ்ஸை நம்பாதீர்கள். புதிது வாங்கினால் லாபம் அதிலேயே போய்விடும்.

இன்னொன்று: 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் நிற்கும்வரை அதில் இரவு பகலாக ஓடிய 570கள் ஏராளம். ஃபேனை விரலால் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் வேண்டாம்.

கோரல்டிராவில் முருகன் படத்தை நகர்த்த மட்டும்தான் என்றால் இரண்டுமே தேவையில்லை. ராம் கூட்டுங்கள்.