புண் தானாக ஆறிவிட்டதா? அப்போதுதான் உஷார்!

பிறப்புறுப்பில் ஒரு சின்னப் புண். வலி இல்லை, எரிச்சல் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. நாலைந்து வாரத்தில் தடம்கூடத் தெரியாமல் ஆறிவிட்டது. ‘அப்பாடா, தப்பித்தோம்’ என்று பெருமூச்சு விடுகிறீர்களா?

உஷார்! சிபிலிஸ் ஆளை ஏமாற்றுவது இப்படித்தான். தொற்றிய பிறகு 10 நாள் முதல் 90 நாளுக்குள் வலியில்லாத புண்ணாக வரும். மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் ஆறிவிடும். புண் போகும், கிருமி போகாது. சில வாரம் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு கிளம்பும். அதையும் ‘சோப்பு ஒத்துக்கலை’ என்று விட்டுவிடுவோம். அதுவும் தானாக அடங்கும். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் சத்தமே இருக்காது. கடைசியில் இதயத்திலோ மூளையிலோ கண்ணிலோ கைவைக்கும்போது, இருபது வருடத்துக்கு முந்தைய அந்தப் புண் யாருக்கு நினைவிருக்கும்?

ஏதோ ஒழிந்துபோன பழைய வியாதி என்று நினைக்க வேண்டாம். 2022-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 15 முதல் 49 வயதுக்குள் சுமார் 80 லட்சம் பேருக்குப் புதிதாக சிபிலிஸ் வந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. வெட்டை (கொனோரியா), கிளமிடியா, டிரைக்கோமோனஸ் ஆகியவற்றையும் சேர்த்தால், குணப்படுத்தக்கூடிய பால்வினைத் தொற்றுகள் ஒவ்வொரு நாளும் பத்து லட்சத்துக்கு மேல். இவை நான்கையும் மருந்தால் அடியோடு போக்கலாம். பிறகு ஏன் வளர்கின்றன? அறிகுறி தெரிந்த நாளுக்கும் டாக்டரைப் பார்க்கும் நாளுக்கும் நடுவில் நாம் அடிக்கும் கூத்துகளும் ஒரு முக்கியக் காரணம்.

சின்ன ஊர், பெரிய கூச்சம்

புதுச்சேரியைச் சேர்ந்த நம் காரைக்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை இரண்டு லட்சம். தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகூர், வடக்கே பூவம் தாண்டினால் தரங்கம்பாடி. இவ்வளவுதான் ஊர். அரசு பொது மருத்துவமனையின் ஓ.பி. வரிசையில் நின்றால் முன்னால் கோட்டுச்சேரி சித்தப்பா, பின்னால் நிரவி மச்சான். “என்னா மாப்ள, இந்தப் பக்கம்? உடம்புக்கு என்னா?” என்ற ஒரு கேள்விக்குப் பயந்தே பலர் அந்த வாசலை மிதிப்பதில்லை. சீட்டு எழுதுகிறவர் தெரு ஆள், ரத்தம் எடுக்கிறவர் கூடப் படித்தவரின் தங்கை. கூச்சம் நியாயம்தான்.

ஆனால் அந்தக் கூச்சம் ஆளைக் கொண்டுபோய் விடும் இடங்கள் மூன்று. மூன்றும் பள்ளம்.

முதல் பள்ளம், ‘உடம்புச் சூடு’. சிறுநீர் போகும்போது எரிகிறதா, சீழ் போல வடிகிறதா? இளநீர் குடி, வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. இளநீர் நல்லதுதான், வெயிலுக்கு. வெட்டைக் கிருமி இளநீருக்குச் சாகாது. திருநள்ளாறு நளன் குளத்தில் முழுக்குப் போட்டால் சனி விலகும் என்பது நம்பிக்கை. வெட்டை விலகும் என்று யாரும் சொன்னதில்லை. எரிச்சல் கொஞ்சம் குறைவதைப் பார்த்துவிட்டு நாளைக் கடத்துவதற்குள் தொற்று உள்ளே ஏறிவிடும். ஆண்களுக்கு விதைப்பை வீங்கலாம், சிறுநீர்ப் பாதை சுருங்கலாம். பெண்களுக்குக் கருக்குழாய் அடைபடலாம்.

இரண்டாவது பள்ளம், மெடிக்கல் ஷாப். கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, “அண்ணே, ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்சினை” என்று ஆரம்பித்தால், அவரும் புரிந்துகொண்டு இரண்டு ஆன்டிபயாட்டிக்கைத் தாளில் மடித்துக் கொடுப்பார். என்ன நோய் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வெட்டைக்கு ஒரு காலத்தில் சர்வசாதாரணமாகக் கொடுத்த சிப்ரோஃப்ளாக்ஸசின் இன்று பெரும்பாலும் வேலை செய்வதில்லை. அரைகுறையாகத் தின்றால் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். சீழ் நின்றுவிடும், தொற்று நிற்காது. அதோடு ஒரே உறவில் இரண்டு மூன்று கிருமிகள் சேர்ந்து தொற்றியிருக்கலாம். ஒன்றுக்குத் தின்ற மாத்திரை இன்னொன்றை மறைத்துவிடும்.

மூன்றாவதுதான் படுகுழி. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டியிருக்குமே அந்த நோட்டீஸ்! ‘ரகசிய நோய்களுக்கு நிரந்தரத் தீர்வு. பரம்பரை வைத்தியர். இன்ன லாட்ஜில், இன்ன தேதியில் முகாம்.’ நாடி பிடித்துப் பார்த்ததுமே, “இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா ஆளே காலி” என்று வயிற்றில் புளியைக் கரைப்பார். லேபிள் ஒட்டாத டப்பாவில் லேகியம், தாளில் மடித்த பஸ்பம், ஆயிரக்கணக்கில் பணம். ரசீது கிடையாது, ரத்தப் பரிசோதனை கிடையாது, அடுத்த மாதம் ஆளும் கிடையாது. அந்தப் பஸ்பத்தில் பாதரசம் இருக்கிறதா, ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா, யாருக்குத் தெரியும்?

பால்வினை நோயைக் குணமாக்குவேன், ஆண்மையைப் பெருக்குவேன் என்று மருந்து விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்தியச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை. ஆக, அந்த நோட்டீஸே சட்ட மீறல். முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்களையும் இவர்களையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். பதிவு எண் கேளுங்கள், அசல் ஆளா என்று தெரிந்துவிடும். இவர்களின் புது அவதாரம் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. ‘புண்ணைப் போட்டோ எடுத்து அனுப்புங்க சார்’ என்பார்கள். அனுப்பினீர்களோ, மிரட்டலுக்கு நீங்களே சாவி கொடுத்த மாதிரி. அனுப்பவே அனுப்பாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கும்?

இனி பயத்தைத் தெளிவிக்கும் விஷயத்துக்கு வருவோம். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு உண்டு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு வைத்த பெயர் சுரக்ஷா கிளினிக். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் ‘சுகவாழ்வு மையம்’ என்று பலகை இருக்கும். எச்.ஐ.வி. ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் உள்ள ஐ.சி.டி.சி.யை ‘நம்பிக்கை மையம்’ என்பார்கள். எல்லாம் இலவசம்.

சீட்டுக் கவுன்டரில் பத்துப் பேர் காதில் விழ வியாதியைச் சொல்ல வேண்டியதில்லை. “ஸ்கின் டாக்டரைப் பார்க்கணும்” என்றால் போதும். நம் நாட்டில் தோல் நோயும் பால்வினை நோயும் ஒரே மருத்துவத் துறை. படர்தாமரைக்கு வந்தவரும் நீங்களும் ஒரே வரிசைதான். பெண்கள் மகளிர் நோய்ப் பிரிவிலேயே சொல்லலாம்.

ஆலோசகர் தனியாக உட்கார வைத்துக் கேட்பார். கடைசியாக உறவு எப்போது, ஆணுறை போட்டீர்களா, யாருடன், ஆணா பெண்ணா, எந்த வழியில். கேட்கக் கூச்சமான கேள்விகள்தான். எங்கே சோதிப்பது, எதற்கு மருந்து கொடுப்பது என்பது இந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவாகும். இங்கே பொய் சொன்னால் மருந்தும் பொய்த்துப் போகும். பிறகு டாக்டர் பார்ப்பார். பெண்ணைப் பரிசோதிக்கும்போது பெண் பணியாளர் உடன் இருக்க வேண்டும், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கையில் ரத்தம் எடுப்பார்கள். சிபிலிஸுக்கு ஒரு சோதனை, எச்.ஐ.வி.க்கு இன்னொன்று. எச்.ஐ.வி. இருப்பதாக ஒரே ஒரு சோதனையை வைத்துச் சொல்லிவிட மாட்டார்கள். மூன்று வெவ்வேறு சோதனைகளிலும் பாசிட்டிவ் வந்தால்தான் உறுதி.

மருந்து நிறத்தில் பேசும். தேசியத் திட்டத்தில் அறிகுறிக்கு ஏற்றபடி ஏழு நிறப் பொட்டலங்கள் வகுத்தார்கள். சீழ் வடிதலுக்குச் சாம்பல், வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, புண்ணுக்கு வெள்ளை, பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு நீலம், அக்கிக் கொப்புளத்துக்குச் சிவப்பு, பெண்களின் அடிவயிற்று வலிக்கு மஞ்சள், அரையாப்புக் கட்டிக்குக் கறுப்பு. நண்பனுக்குக் கொடுத்த நிறத்தை நீங்கள் வாங்கி விழுங்காதீர்கள். அவன் நோய் வேறு, உங்கள் நோய் வேறு. தொடக்கநிலை சிபிலிஸாக இருந்தால் பெரும்பாலும் பென்சதீன் பென்சிலின் ஊசி ஒருமுறை போட்டாலே தீரும். இடுப்பில் போடும்போது வலிக்கும், அவ்வளவுதான். பென்சிலின் அலர்ஜி இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். கூட இருப்பவருக்கும் சிகிச்சை வேண்டும். நீங்கள் மட்டும் மருந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், அவரிடமிருந்து அது திரும்பவும் உங்களுக்கே வரும். சிகிச்சை முடியும்வரை உறவு வேண்டாம். திரும்ப வரச் சொன்ன நாளில் கட்டாயம் போக வேண்டும்.

ஊருக்குத் தெரிந்துவிடுமா?

எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக்கூடாது. சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, முடிவை உங்கள் அனுமதியின்றி வெளியே சொல்லக்கூடாது. அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையையோ வேலையையோ மறுக்கக்கூடாது. தாழ்வாரத்தில் பெயரைக் கூப்பிட்டு ரிசல்ட்டை அறிவிக்க எந்த ஊழியருக்கும் உரிமை இல்லை. அப்படி நடந்தால் பொறுத்துப் போகாமல் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

அப்படியும் உள்ளூரில் மனசு ஒப்பவில்லையா? எல்லை எதற்கு இருக்கிறது! ஞாயிற்றுக்கிழமை சரக்குக்காக நாகையிலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் இங்கே வருகிறார்கள் அல்லவா? சோதனைக்கு நீங்கள் அங்கே போங்கள். நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் அரசு மருத்துவமனைகள், கொஞ்சம் தூரம் என்றால் புதுச்சேரி ஜிப்மர். புதுச்சேரி ரேஷன் கார்டு என்று யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். எங்கே போனாலும் சரி, போக வேண்டும்.

இவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்

வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர்கள்: விசாவுக்கான மெடிக்கலில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் எல்லாம் பார்ப்பார்கள். நிலத்தை அடகு வைத்து ஏஜென்டுக்குப் பணம் கட்டிய பிறகு ‘அன்ஃபிட்’ என்று சீட்டு வருவதைவிட, முதலிலேயே அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். சிபிலிஸ் குணமான பிறகும் சில வகை ரத்தச் சோதனை ஆயுள் முழுக்கப் பாசிட்டிவ் காட்டும். ஆகவே சிகிச்சை எடுத்த சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகள்: தாய்க்கு சிபிலிஸ் இருந்தால் கரு கலையலாம், குழந்தை இறந்து பிறக்கலாம், பிறந்தாலும் நோயோடு பிறக்கலாம். முதல் செக்கப்பிலேயே சிபிலிஸ், எச்.ஐ.வி. சோதனை செய்துகொண்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ‘நாங்க அப்படிப்பட்ட குடும்பம் இல்லை’ என்று மாமியார் தடுக்கக் கூடாது. வீட்டு வாசல் தாண்டாத பெண்ணுக்கும் இது வரும், கணவர் வழியாக. பெண்களிடம் கிளமிடியா பெரும்பாலும் அறிகுறியே காட்டாது என்பதையும் மறக்க வேண்டாம்.

நேற்று தவறு நடந்துவிட்டது, ஆணுறை கிழிந்துவிட்டது, வன்கொடுமைக்கு ஆளாகிவிட்டீர்கள் என்றால்: ஒரு மணி நேரம்கூட வீணாக்காதீர்கள். எச்.ஐ.வி.யைத் தடுக்கும் பெப் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் போய் நேராகக் கேளுங்கள்.

நேற்றைய உறவுக்கு இன்று சோதனை செய்து ‘நெகட்டிவ்’ என்று துள்ளுகிறவர்கள்: உஷார்! எச்.ஐ.வி. ரத்தத்தில் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம். ஆலோசகர் சொல்லும் தேதியில் மறுபடி பார்த்தால்தான் நிம்மதி.

எச்.ஐ.வி.யே வந்தாலும்கூட இது 1986 அல்ல. அந்த ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது கையில் மருந்து இல்லை. 2004 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. 2017 முதல், தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே மருந்து என்பதே கொள்கை. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவிட முடியாதபடி குறைந்துவிட்டால் உறவின் மூலம் அடுத்தவருக்குப் பரவாது.

எனவே புண், சீழ், எரிச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அரையில் கட்டி, உறவின்போது வலி, உள்ளங்கைத் தடிப்பு, இதில் எது இருந்தாலும் நாளை காலை ஓ.பி.யில் நில்லுங்கள். அறிகுறி இல்லை, ஆனால் மனசு உறுத்துகிறது என்றாலும் நில்லுங்கள். வாய் வரவில்லை என்றால் 1097-க்குப் போன் செய்யுங்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் இலவச எண் அது, பெயர் சொல்லாமலே பேசலாம். கழிப்பறைச் சுவரில் இருக்கும் எண்ணுக்கு மட்டும் தயவுசெய்து பேசாதீர்கள்.