பூத்துப்போன கண்கள்

கோவில்பட்டி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். காருக்குப் பதினெட்டு வயதாகிறதாம். என்ஜினில் குறையில்லை, விற்க மனசில்லை. ஆனால் அடுத்த ஆவணியில் வீட்டில் கல்யாணம்; சம்பந்தி வீட்டார் வாசலில் வந்து இறங்கும்போது வண்டி கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். "ஞாயிற்றுக்கிழமைகளில் நானே செய்துகொள்கிற மாதிரி எதை ஒட்டலாம், எதை மாட்டலாம்?" என்று கேட்கிறார்.

ஒட்டலாம், மாட்டலாம் என்பதிலேயே எனக்குத் தட்டியது. கறுத்துப்போன வெண்கலப் பானையைப் புதுசாக்க யாரும் அதன்மேல் எதையும் ஒட்டுவதில்லை. புளியைப் போட்டுத் தேய்க்கிறோம். பழைய காருக்கும் முக்கால்வாசி அதுதான் வைத்தியம். அதன் மேல் ஏறியிருப்பதை எடுத்துவிட்டாலே ஏழெட்டு வயது குறைந்துவிடும்.

பெயின்ட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நிழலில் நிறுத்திக் கழுவுங்கள். துணி துவைக்கிற பவுடர் வேண்டாம். அழுக்கோடு மெழுகையும் கொண்டுபோய்விடும். போர்வெல் தண்ணீர் உப்பானால் வண்டி காய்வதற்குள் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். மங்கிய இடத்தில் ரப்பிங் காம்பவுண்டு போடும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நிறத்துக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் ஒரு தலைமுடித் தடிமன்கூட இராது. தேய்த்துத் தேய்த்து அதைத் தாண்டிவிட்டால் பிறகு பெயின்டர்தான் கதி. பம்பர் ஓரத்தில் வெளுத்துப்போன கறுப்புப் பிளாஸ்டிக்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் மினுக்கும். மறுநாள் தெருப்புழுதி முழுக்க அங்கேதான் இருக்கும்.

நான் பேச வந்தது முகப்பு விளக்கைப் பற்றி. பழைய காரின் வயதைக் காட்டிக்கொடுப்பது அதுதான். உடம்பு பளபளவென்று இருந்தாலும் ஹெட்லைட் மஞ்சள் பூத்து மங்கியிருந்தால் வண்டி கிழடு தட்டித்தான் தெரியும். அதைத் துலக்கிவிட்டால் மற்றதெல்லாம் சுமாராக இருந்தாலும் கண்ணுக்குப் படாது. செலவும் குறைவு, ஒரு ஞாயிறு போதும்.

அம்பாசிடருக்கு இந்த நோய் வந்ததில்லை. அதன் வட்ட விளக்கில் இருந்தது அசல் கண்ணாடி. கல் பட்டால் உடையுமே தவிர வெயிலில் மஞ்சளாகாது. இன்றைய கார்களில் நாம் கண்ணாடி என்று சொல்கிற அந்த மூடி கண்ணாடியே அல்ல, பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். 1953-ல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல் அதைக் கண்டுபிடித்தார். சில நாள் இடைவெளியில், அவரைப் பற்றி எதுவும் தெரியாமலே, அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் அதையே கண்டுபிடித்தார். சுத்தியலால் அடித்தாலும் சிதறாத பொருள், கண்ணாடியில் பாதி எடைதான். எந்த வளைவுக்கும் வார்க்கலாம். அமெரிக்கா 1983-ல் விளக்கு விதிகளைத் தளர்த்தியதும், அடுத்த ஆண்டே லிங்கன் மார்க் 7 காரில் உடலோடு ஒட்டி வளைந்த பிளாஸ்டிக் விளக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கார்களுக்கு மான்விழி, பூனைவிழி எல்லாம் முளைத்தன.

அந்த அழகுக்கு ஒரு விலை இருக்கிறது. பாலிகார்பனேட்டுக்கு வெயில் ஆகாது. அதனால் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு கடினமான பூச்சு பூசித்தான் அனுப்புகிறார்கள். சில வருஷம் அது தாங்கும். பிறகு புழுதியும் மணலும் உரசி, வெயில் தின்று, அங்கங்கே உரிய ஆரம்பிக்கும். கீழே இருக்கிற பிளாஸ்டிக் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சூரியனை நேருக்கு நேர் பார்க்கிறது.

அங்கே நடக்கிற வேதியியலில் எனக்கு ஒரு மோகமே உண்டு. புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து மூலக்கூறுச் சங்கிலிகளை அரிக்கின்றன. மஞ்சளில் பெரும்பங்கு அதனால் வருவது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. அறுபட்ட சில கண்ணிகள் தூள்தூளாகிப் போகாமல், இடம் மாறிப் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்கின்றன. போட்டோ-ஃப்ரைஸ் மாற்றம் என்று பெயர். அப்படி ஒட்டியதும் பிறக்கிறவை சாலிசிலேட், பென்சோபீனோன் வகைச் சேர்மங்கள். பெயர் புதிதாக இருக்கலாம். வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் சன்ஸ்கிரீன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், இந்தக் குடும்பத்தார் ஓரிருவராவது அதில் இருப்பார்கள்.

அதாவது வெயிலில் நின்ற பிளாஸ்டிக், தனக்கான வெயில் களிம்பைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்த மஞ்சள் தோல் புற ஊதாவைக் குடித்துக்கொள்வதால் அடியில் இருக்கிற பிளாஸ்டிக் பிழைக்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள மூடியில் சேதம் பெரும்பாலும் ஒரு தலைமுடித் தடிமனுக்குள் நின்றுவிடுவது இதனால்தான். எங்கள் அப்பா வயலிலேயே வாழ்ந்தவர். சட்டையைக் கழற்றினால் கைக்கும் முதுகுக்கும் இரண்டு மனிதர்கள் மாதிரி நிறம். கறுப்பு அவருக்குத் தோல் போட்டுக்கொண்ட குடை. ஹெட்லைட் மஞ்சளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் அந்தக் கைதான் ஞாபகம் வரும். கண்புரை என்று எல்லோரும் உவமை சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. புரை உள்ளே வருவது. இது தோலோடு நிற்கிற சங்கதி.

இது புரியாமல்தான் நான் முதல் தடவை ஏமாந்தேன். சித்திரை மாதம், பல் துலக்குகிற பேஸ்ட்டைப் போட்டுத் தேய்த்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். தேய்த்தேன். நிஜமாகவே பளிச்சென்று ஆனது, ஏனென்றால் பேஸ்ட்டிலும் மெல்லிய அரத்தூள் மாதிரி துகள்கள் இருக்கின்றன. தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முன்னைவிட மஞ்சள். பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த டிங்கர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இருந்த தோலையும் உரிச்சு வெயில்ல நிறுத்திட்டிய அண்ணாச்சி. மேல கிளியர் அடிக்காம தேய்ச்சா எப்படி நிக்கும்?"

பள்ளிக்கூட வேதியியலைக் கொஞ்சம் கரைத்துக் குடித்தவன் நான். அவர் படித்தது எட்டாம் வகுப்பு.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. விளக்கைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள். பெயின்ட்டில் தாள் பட்டால் அழுகைதான். 800 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சொட்டச்சொட்டத் தேய்க்க வேண்டும். முதலில் மோர்க்குழம்பு நிறத்தில் மஞ்சளாக வழியும். வழிகிற தண்ணீர் வெள்ளையாகிற வரை நிறுத்தக் கூடாது. வெள்ளையானால் நல்ல பிளாஸ்டிக் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் 1200, பிறகு 2000. ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றுங்கள், ஒன்று குறுக்கே என்றால் அடுத்தது மேலும் கீழும். அப்போதுதான் முந்தைய தாளின் கீறல் மறைந்துவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். அவசரப்பட்டு ஒரு நம்பரைத் தாண்டினால் அந்தக் கீறல் கடைசிவரை கூடவே வரும்.

இந்தக் கட்டத்தில் பயம் பிடிக்கும். காய்ந்ததும் விளக்கு குளியலறை ஜன்னல் மாதிரி வெள்ளையாக, ஒளிபுகாமல் நிற்கும். கெடுத்துவிட்டோமோ என்று தோன்றும். ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துப் பாருங்கள், ஈரம் இருக்கிற வரை தெளிந்து தெரியும். கீறல்களின் பள்ளத்தில் காற்று இருந்தால் ஒளி சிதறுகிறது; அதையே ஒரு திரவம் நிரப்பினால், ஒளியை வளைப்பதில் பிளாஸ்டிக்குக்கும் திரவத்துக்கும் வித்தியாசம் குறைவு என்பதால் சிதறல் வெகுவாகக் குறைகிறது. பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் இறங்கிய இடத்தில் மட்டும் மறுபக்க எழுத்து தெரியுமே, அதே கதைதான். தண்ணீர் காய்ந்துவிடும், கிளியர் காயாமல் இறுகிவிடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கிளியரில் புற ஊதாவைத் தடுக்கிற வகையாகக் கேட்டு வாங்குங்கள். ஹார்டனர் கலந்து இறுகுகிற டூ-கே வகைதான் வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. அதற்கென்று விற்கிற மாஸ்க் போட்டு, திறந்த வெளியில், குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு அடிக்க வேண்டும். அந்தச் சிரமம் வேண்டாமென்றால் அவ்வளவு வேலையையும் முடித்துவிட்டு இந்த ஒரு கையை மட்டும் பெயின்ட் கடையில் அடித்து வாங்கலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. விளக்கின் உட்புறம் நீர்த்திவலை கோத்திருந்தால் இந்த வித்தை பலிக்காது, ஓரத்துச் சீல் போயிருக்கிறது; டூம் என்கிற முழு விளக்கையே மாற்ற வேண்டியதுதான்.

இதை அழகு வேலை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018-ல் சோதித்தபோது, மங்கி மஞ்சளான விளக்கில் புதிய விளக்கின் வெளிச்சத்தில் 20 சதவீதம்தான் வந்தது. நம் ஊரில் வெளிச்சம் போதவில்லை என்றால் உடனே செய்கிற காரியம் என்ன? பல்பை மாற்றுவது. 60/55 வாட் இருந்த இடத்தில் 100/90. ஹோல்டர் உருகும், ஒயர் சூடாகும், ஆனால் மங்கிய மூடி அந்தக் கூடுதல் ஒளியையும் சிதறடித்து எதிரே வருகிறவர் கண்ணில்தான் தெளிக்கும். இன்னும் சிலர் எல்இடி பல்பைச் செருகுகிறார்கள். பழைய எச்-4 பல்பை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டி உலோகக் கிண்ணம் இருக்கும். அந்த இழையின் ஒளி கீழ்ப் பக்கம் போய்ப் பிரதிபலித்து எதிர்வண்டிக்காரரைக் குருடாக்காமல் தடுக்கிற கிண்ணம் அது. ஒரு சுண்டைக்காய் அளவுகூட இல்லாத தகட்டில் எவ்வளவு மரியாதை! இழை எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் பின்னாலுள்ள பிரதிபலிப்பானையும் வடித்திருக்கிறார்கள். கண்ட எல்இடியைச் செருகினால் இந்தக் கணக்கு முழுக்கக் கலைந்துபோகும். நான்குநேரி தாண்டி இரவில் எதிரே அப்படி ஒரு வண்டி வந்தால் நான் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுகிறேன். வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொள்கிறேன், அதை இங்கே எழுத முடியாது.

வாசகர் கேட்ட 'மாட்டுகிற' பட்டியலுக்கும் வருகிறேன். முன்னால் இரும்புக் கம்பி மாட்டுவதை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று சொல்லிவிட்டது. மோதலில் அது நடந்துபோகிறவரைக் கொல்லும், உங்கள் காற்றுப்பையையும் குழப்பும். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-ல் நிறுத்தியது. நிறத்தையே மாற்றுவதானால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும். வீல் கப் வாங்கி மாட்டுங்கள், வைப்பர் ரப்பரை மாற்றுங்கள், நம்பர் பிளேட்டைத் துடையுங்கள். ஆவணிக்கு இது போதும்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். கிளியர் அடிப்பதைச் சாயங்காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் ஆறு மணிக்கு அடித்தேன். காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, ஏற்ற நேரம் என்று எண்ணம். இடது விளக்கில் பூச்சு இறுகுவதற்குள் ஒரு கொசு வந்து உட்கார்ந்துவிட்டது. எடுக்கப் போனால் தழும்பு விழும் என்று அப்படியே விட்டேன். மூன்று வருஷமாகிறது, விளக்கு இன்னும் மஞ்சளாகவில்லை. கொசுவும் ஆறு காலோடு அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பேரன் முதலில் காட்டுவது அதைத்தான்.