பழைய ஜீப்பைப் புதுப்பித்தல்
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

போடி, கம்பம் பக்கத்திலிருந்து கல்லூரிக்கு வரும் நண்பர்களுக்கு ஜீப்பை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பொழுது விடியுமுன் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறும் வண்டி அது. மற்றவர்களுக்காக அதன் வரலாற்றைச் சிறிது கூறிவிட்டு, அத்தகைய பழைய வண்டியொன்றை வீட்டிலேயே புதுப்பிக்கும் முறையை விளக்க முற்படுகிறேன்.

1940ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவம், நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய இலேசான வண்டியொன்று வேண்டுமெனக் கேட்டது. பான்டம் என்னும் சிறிய நிறுவனம் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. ஆனால் போர்க்காலத்தில் பெருமளவில் செய்து குவித்தவை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரண்டுமே. அவ்விரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. பாவம், பான்டத்தின் பெயரை இன்று யார் நினைக்கிறார்கள்? போருக்குப் பின் பொதுமக்களுக்கான ஜீப்புகள் வந்தன. அவற்றுள் 1953இல் வந்த சி.ஜே. 3பி என்னும் வகையில், உள்ளிழுக்கும் வால்வு எஞ்சினின் மேல்தலையில் அமைந்ததால் எஞ்சின் உயரமாயிற்று. அதற்கேற்பப் பானட்டும் உயர்ந்தது. இவ்வகையை மகிந்திரா நிறுவனம் நம் நாட்டில் பல்லாண்டுகள் தயாரித்தது. நம் மலைப்பாதைகளில் காணும் 'உயர்ந்த மூக்கு' ஜீப் இதுவே.

அத்தகைய வண்டியொன்று, 1972ஆம் ஆண்டு மாடல், எங்கள் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் நிற்கிறது. என் தந்தையார் அதனை ஓர் ஏலத்தோட்டத்திற்காகப் பல ஆண்டுகள் ஓட்டியவர். தோட்டம் கைமாறியபோது, ஏழு மாதச் சம்பளப் பாக்கிக்கு ஈடாக வண்டி அவர் பெயருக்கு வந்தது. ஆகவே எங்களுக்கு அது பழம்பொருள் மட்டுமன்று. வர வேண்டிய கூலியும் அதுதான்.

புதுப்பிக்கும் வேலையில் முதலில் கையில் எடுக்க வேண்டியது ஸ்பானர் அன்று, பென்சில். கழற்றும் ஒவ்வொரு உறுப்பையும் கழற்றுமுன் படம் எடுத்து, அதன் நட்டு போல்ட்டுகளைத் தனிப் பையிலிட்டு, பெயரெழுதிக் கட்ட வேண்டும். ஆறு மாதம் கழித்து மாட்டும்போது நினைவு கை கொடுக்காது. துருவேறிய போல்ட்டை முரட்டுத்தனமாய்த் திருகினால் ஒடிந்துவிடும். எண்ணெயில் ஊறவிட்டு, பின் நட்டைச் சூடேற்ற வேண்டும். நட்டு விரிந்து பிடி தளரும். இன்னொன்று: வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை கொண்டவை. இதையறியாதவர் கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டே இருப்பார்!

அடுத்தது துரு. ஈரத்தில் இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து அயனியாகிறது; நீரில் கரைந்த ஆக்சிஜன் அவற்றை ஏற்கிறது. சேறு தங்கும் இடங்களில் ஈரம் காய்வதே இல்லையாகையால், ஜீப்பின் தரைத்தகட்டிற்கு அடியிலுள்ள மடிப்புகள்தாம் முதலில் அரிக்கப்படும். சிறு உறுப்புகளின் துருவை நம் ஆய்வுக்கூட முறையிலேயே நீக்கலாம். பிளாஸ்டிக் டிரம்மில் சலவைச் சோடா கரைத்த நீர். துருவேறிய உறுப்பு பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில். வேண்டாத இரும்புத் துண்டு நேர்முனையில். மறுநாள் துரு கறுத்து, பிரஷ்ஷால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும். நேர்முனையில் எவர்சில்வரைப் போடலாகாது. நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்தவெளியில், நெருப்புக்கு அப்பால் செய்ய வேண்டும். விற்பட்டைகளை இத்தொட்டியில் இடக் கூடாது. ஹைட்ரஜன் புகுந்தால் கடின எஃகு நொறுங்கும் தன்மை பெறும்.

ஆயினும் தின்னப்பட்ட இரும்பை எந்த வேதியியலும் திருப்பித் தராது. என் தந்தையார் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தகட்டை ஸ்பானரால் தட்டி, "இது பேசுது, இது செத்துப்போச்சு" என்று ஓசையைக் கொண்டே பிரித்துவிடுகிறார். அதிர்வு பற்றி நான் படித்த பாடம் அவர் காதில் முன்பே இருக்கிறது. செத்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத்தகடு பற்றவைப்பதே வழி. பட்டி பூசி மறைத்துப் பளபளவென்று வண்ணமடிப்பதைப் புதுப்பித்தல் என்று நான் ஒப்பமாட்டேன்.

எஞ்சினை ஓடவைக்கும் ஆசை எல்லாருக்கும் முதலில் வரும். எனினும் பிரேக்கே முதலில் முடிய வேண்டும். பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவப்பாதை. ஓரிடத்தில் ஒழுகினாலும் நான்கும் போயின. மேலும் பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; உறிஞ்சினால் கொதிநிலை தாழும். போடிமெட்டு இறக்கத்தில் சூடேறி ஆவிக்குமிழி உண்டானால் மிதிக்கட்டை வெறுமனே அமிழ்ந்துவிடும். ஆகவே குழாய்கள், ரப்பர்கள், திரவம் யாவும் புதிதாக இருக்க வேண்டும்.

மின்சார வேலையில் பெரும்பாலான தொல்லைக்குக் காரணம் 'எர்த்' இணைப்புத்தான். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கையில் துருவேறிய இணைப்பில் 0.02 ஓம் தடையிருந்தால் 4 வோல்ட் அங்கேயே வீணாகிறது; பன்னிரண்டில் எட்டே மிச்சம். பேட்டரியைக் குறை கூறிப் பயனென்ன?

இனிச் சிக்கலான வினா. எங்கள் வண்டியில் பிறவிப் பெட்ரோல் எஞ்சின் இல்லை. எரிபொருள் செலவு தாளாமல் முன்பே டீசல் எஞ்சின் மாற்றி, பதிவுப் புத்தகத்திலும் ஏற்றிவிட்டார்கள். மலையோர ஜீப்புகள் பலவற்றின் கதை இதுதான். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதற்பதிவாகி ஐம்பதாண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிந்து 'வி.ஏ.' எண் பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்திருக்கக் கூடாது; அன்றாடப் போக்குவரத்துக்கோ தொழிலுக்கோ ஓட்டவும் கூடாது. பெட்ரோல் எஞ்சினைத் தேடிப்பிடித்து மாட்டு, மதிப்பு ஏறும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள்.

எந்த நாளின் ஜீப்பை மீட்பது? தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் ஜீப்பையா, மலையேறி எங்களுக்குச் சோறு போட்ட ஜீப்பையா? பிறந்தபோது இருந்த கோலம் மட்டுமே உண்மை, உழைத்த காலத்து மாற்றங்கள் களங்கம் என்று கொள்வது கண்காட்சிக்காரர் கணக்கு. டீசல் எஞ்சின் இருக்கட்டும் என்பதே என் முடிவு. தந்தையாரும் தலையசைத்தார், அவருக்கு அதில் வேறு கணக்கு, மீண்டும் ஓட்டலாமே என்று.

கியர் அமைப்பு மட்டும் மாறவில்லை. முதல் கியர் 2.8, தாழ் கியர் 2.46, அச்சு 5.38. இம்மூன்றையும் பெருக்கினால் சுமார் 37. எஞ்சின் 37 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும். வேகம் குறையும், திருப்புவிசை பெருகும். சேற்றில் யானைபோல் நடப்பது இதனாலேயே. காய்ந்த தார்ச்சாலையில் முன் அச்சை இணைத்து ஓட்டலாகாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் செல்கின்றன. நடுவில் அவ்வேறுபாட்டை ஏற்கும் அமைப்பு இல்லாமையால் கியர்கள் முறுக்கிக்கொள்ளும்.

இதுவரை அடிச்சட்டம் கழுவி ரெட் ஆக்சைடு பூசியாயிற்று, பிரேக் முடிந்தது. கோடை விடுமுறையில் பின் அச்சைத் திறக்கிறோம். கிரவுன் சக்கரத்தில் 43 பல், பினியனில் 8 பல். எண்ணிப் பார்க்க விரும்பும் நண்பர்கள் வரலாம். பழைய சட்டை அணிந்து வருக. கிரீஸ் எளிதில் போகாது.