சணப்பும் கஞ்சாவும்: பெயர் மயக்கமும் பயிர் விளக்கமும்

கொங்கு நாட்டுக் குடியானவர்களுக்குச் சணப்புச் செடி புதியதன்று. நெல் நடவுக்கு முன்னர் அதனை வயலில் விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுது எருவாக்குவதும், அதன் நாரைக் கயிறாகவும் வலையாகவும் திரிப்பதும் பழைய வழக்கங்கள். இச்செடியை ஆங்கிலத்தில் ‘சன் ஹெம்ப்’ என்பர். ‘சன்’ என்பது சூரியனைக் குறிப்பதன்று; ‘சணம்’ என்னும் வடசொல்லின் திரிபாகும். ஆனால் ‘ஹெம்ப்’ என்னும் சொல் கஞ்சாச் செடிக்கும் வழங்குவது. இதனால் ஒரு மயக்கம் நேர்ந்திருக்கின்றது. வெளிநாடுகளில் ‘ஹெம்ப்’ பயிர் பெருத்த லாபந் தருவதாகக் கேள்வியுறும் சிலர், அதனை நீலகிரிச் சாரலிலோ தங்கள் தோட்டத்து ஓரத்திலோ வைக்கலாகாதா என்று வினவுகின்றனர். வினா எளியது; விடை தெரியாது இறங்குவோர்க்கு நேரும் நஷ்டமோ பெரிது.

அடையாளம்

இவ்விரு செடிகளுக்கும் நார் ஒன்றைத் தவிர வேறு உறவில்லை. சணப்பு, அவரை, துவரை முதலியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. கிலுகிலுப்பைச் செடியின் இனம். இலை தனித்து நீண்டிருக்கும். பூ மஞ்சள் நிறமானது. முற்றிய காய் உப்பி, ஆட்டினால் உள்ளிருக்கும் விதைகள் ஒலிக்கும். கஞ்சாச் செடியின் இலையோ கைவிரல்களை விரித்தாற்போல் ஐந்து முதல் ஒன்பது பிரிவுகளுடையது. ஓரம் வாள்பல் போன்றது. பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் பூங்கொத்தில் ஊறும் பிசினிலேயே லாகிரி வஸ்து மிகுந்துள்ளது.

1753-ஆம் வருஷத்தில் லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி இச்செடிக்குக் ‘கன்னாபிஸ் சாட்டிவா’ என்று பெயரிட்டார். ‘சாட்டிவா’ என்னும் இலத்தீன் சொல்லுக்குப் ‘பயிரிடப்படுவது’ என்பதே பொருள். 1785-இல் பிரெஞ்சு சாஸ்திரி லாமார்க், இந்தியாவிலிருந்து கிடைத்த செடிகளை ‘இண்டிகா’ என்று வேறு பிரித்தார். இக்காலத்தில் சில வகைகளுக்குப் பழவாசனை உண்டென்று புகழ்வர். அவ்வாசனை எலுமிச்சைத் தோலிலும் மாம்பழத்திலும் உள்ள ஆவி எண்ணெய்களே இதிலும் ஊறுவதால் உண்டாவது. லாகிரியைத் தருவது வேறொரு வஸ்து. ஆகையால் பழத்தின் மணத்தைக் கொண்டு ஒரு வகையைத் தீங்கற்றதென எண்ணுதல் பிழையாகும்.

குளிரும் பகற்பொழுதும்

குளிர்ச்சி என்பது இருவகைப்படும். ஐரோப்பாவின் குளிர் பூமத்திய ரேகைக்கு வெகு தூரத்தில் இருப்பதால் வருவது. நீலகிரியின் குளிர் உயரத்தால் வருவது. தட்பத்தில் இரண்டும் ஓரளவு ஒத்திருப்பினும் பகலின் நீளத்தில் ஒவ்வா. லண்டனில் கோடையின் நீண்ட பகல் சுமார் 16½ மணி. மாரியின் குறுகிய பகல் 8 மணிக்கும் குறைவு. கோயமுத்தூரிலும் உதகமண்டலத்திலும் நீண்ட பகல் சுமார் 12¾ மணி. குறுகியது சுமார் 11½ மணி.

கஞ்சாச் செடி பெரும்பாலும் இரவு நீளுங்கால் பூப்பது. உஷ்ண தேச வகைகள் உயர்ந்து வளர்ந்து வெகு தாமதமாகவே பூ முதிர்வன. அவற்றை வட தேசங்களில் வைத்தால், இரவு நீண்டு பூக்கத் தொடங்கும்போதே பனியும் ஈரமும் வந்து, பூ அழுகிவிடும். இது பற்றியே அந்நாட்டார் விரைவில் முதிரும் மலைநாட்டு வகைகளோடு அவற்றை ஒட்டுச் சேர்த்தனர். மாறாக, நாருக்கென ஐரோப்பாவில் தேர்ந்த வகைகள் நீண்ட பகலில் ஓங்கி வளரப் பழகியவை. அவற்றைக் கொங்கு நாட்டின் குறுகிய பகலில் விதைத்தால் தண்டு நீளுமுன்னரே பூத்துவிடும், நார் தேறாது. ஒரு தேசத்தில் கண்ட மகசூலை மற்றொரு தேசத்தில் எதிர்பார்த்தல் கூடாதென்பதற்கு இதுவே தக்க உதாரணம்.

சட்டம்

1893-ஆம் வருஷத்தில் இந்திய அரசாங்கத்தார் கஞ்சா முதலிய பொருள்களைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷனை நியமித்தனர். அது ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894-இல் அறிக்கை சமர்ப்பித்தது. முழுத் தடை வேண்டாம், லைசென்ஸும் வரியும் கொண்டு கட்டுப்படுத்தலே தகும் என்பது அதன் கருத்து. அந்நிலை பின்னர் மாறிற்று. 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டப்படி, அனுமதியின்றிக் கஞ்சாச் செடி பயிரிடுவோர்க்குப் பத்து வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். நார், விதை ஆகியவற்றுக்காக அரசாங்கம் விசேஷ உத்தரவால் அனுமதி தரலாம். உத்தரகாண்ட மாகாணம் 2018-இல் அவ்வாறு அனுமதி வழங்கியது. லாகிரி வஸ்து நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேற்படலாகாதென்பது அங்குள்ள நிபந்தனை.

நிலத்தைக் குத்தகைக்கு விடுவோர் ஒன்றை முக்கியமாகக் கவனித்தல் வேண்டும். தம் நிலத்தில் இச்செடி சட்டவிரோதமாக வளர்வதை அறிந்த உடைமையாளர் உடனே போலீசாருக்கோ உரிய இலாகாவினருக்கோ தெரிவிக்க வேண்டுமென்பது அச்சட்டத்தின் 46-வது பிரிவு. அறிந்தும் வாளாவிருப்பவர் தாமும் தண்டனைக்குரியவராவார். கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் 47-வது பிரிவின்படி இக்கடமை உண்டு. மக்காச்சோளத்திற்கிடையே நான்கு செடி வைக்க எவரேனும் பணம் காட்டினால், அப்பணம் குடும்பத்தின் நிலத்தையும் மானத்தையும் ஈடு வைப்பதற்கு ஒப்பாகும்.

நிலத்துக்கேற்ற பயிர்

லாபத்தை நாடுவோர்க்குச் சணப்பே உள்ளது. ஏக்கருக்குப் பத்து முதல் பதினான்கு கிலோ விதை போதுமானது. நெருக்கி விதைத்தால் களை அடங்கும். 45 முதல் 60 நாட்களுக்குள், தண்டு முற்றுமுன், மடக்கி உழுதல் வேண்டும். ஏக்கருக்கு ஐந்து அல்லது ஆறு டன் பசுந்தழை கிடைக்கும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குச் சேர்க்கின்றன. உலர்ந்த சணப்பு நூறு கிலோவில் இரண்டு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தழைச்சத்து அடங்கியுள்ளது. தழை மக்குதற்கு ஈரமும் சில தினங்களும் அவசியமாதலால், உழுதவுடன் நடவு செய்வது நன்றன்று.

நீர் தேங்கும் நிலமும் உவர் நிலமும் சணப்புக்கு ஆகா. அங்கே தக்கைப்பூண்டு விதைக்கலாம். மழையை நம்பிய வறண்ட புன்செய்க்குக் கொழிஞ்சி ஏற்றது. நாருக்காக வைப்போர் மேலும் நெருக்கி விதைத்து, காய் பிடிக்குந் தறுவாயில் அறுத்து, கட்டுகளை நீரில் ஊறவைத்துப் பட்டையை உரிப்பர். சணப்பு விதையில் நச்சுப் பொருள் உள்ளமையால் அதனை மாடுகளுக்குத் தீனியாக இடலாகாது.

விதை வாங்குங்கால் ‘ஹெம்ப்’ என்று கேளாது, ‘சணப்பு’ என்றே கேட்டு, விதையையும் பார்த்து வாங்குதல் நன்று. ஐயமுள்ளோர், 1971-இல் சர்வகலாசாலையாக உயர்ந்த கோயமுத்தூர் விவசாயக் கலாசாலையையோ அருகிலுள்ள விவசாய இலாகா அலுவலரையோ அணுகலாம். பெயரை நம்பி விதைப்பவன் இழப்பான். செடியை அறிந்து விதைப்பவனுக்கு அவன் நிலமே கைகொடுக்கும்.