கதிர்ச் சிகிச்சை அஞ்சத்தக்கதா?

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நோயுற்றோரைக் காணச் சென்றிருந்தபோது, ஓர் இல்லத்தில் கண்ட காட்சி நம் உள்ளத்தை வருத்தியது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளியூர் மருத்துவமனையொன்றில் சிகிச்சை பெற்றுவந்த தாய், திண்ணை மூலையில் தனித்து அமர்ந்திருந்தார். அவருக்கெனத் தனித் தட்டு, தனிக் குவளை. பேரக் குழந்தை பாட்டியிடம் ஓடியபோது மருமகள் அதனைப் பற்றி இழுத்துக்கொண்டார்.

“சாமி, அத்தைக்குக் கரண்ட் வைக்கிறார்கள். அது பிள்ளையைத் தாக்காதா?” என்று அவர் நம்மிடம் கேட்டார்.

“பத்து நாள் வைத்தாயிற்று சாமி. உடம்பு தளர்ந்து போயிற்று. மல்லாட்டை பிடுங்கவும் ஆளில்லை. இனிமேல் நான் போகப் போவதில்லை” என்றார் அத்தாய்.

மருமகளைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. அவர் பேசியது வெறுப்பினால் அன்று, அச்சத்தினால். இவ்வச்சம் நம் இல்லங்கள் பலவற்றிலும் உண்டு. ஆகவே இதுபற்றி நம் குடும்பங்களுக்குச் சிறிது விளக்குவது கடமை எனக் கருதுகிறோம்.

முதலாவது, ‘கரண்ட்’ என்பது வழக்கில் வந்துவிட்ட பெயரேயன்றி, நோயாளியின் உடலில் மின்சாரம் பாய்ச்சப்படுவதில்லை. பாய்வது கதிர். 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். அதுகாறும் கத்தியின் துணையின்றி உடலின் உள்ளே காண்பது அரிதாக இருந்தது. அரிய அக்கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை எதுவும் கோரவில்லை. 1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டனர். காண உதவிய கதிர், நோயைக் கரைக்கவும் பயன்படலாயிற்று.

1971-இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் கருவியால் படம் பிடிக்கப்பட்டது. பல கோணங்களில் எடுத்த நிழல்களைக் கணிதத்தால் ஒன்றுகூட்டி, உறுப்பின் குறுக்குவெட்டைக் காட்டுவது அக்கருவி. அதே ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரன், ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து அத்தகைய கணித முறையொன்றை வெளியிட்டார். பின்னாளில் ஸ்கேன் கருவிகளில் அம்முறை பெரிதும் வழங்கலாயிற்று என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

சிகிச்சையிலும் தமிழகம் பின்தங்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் 1954-இல் சிறிய அளவில் தொடங்கிய புற்றுநோய் நிலையத்திற்கு, அந்த ஐம்பதுகளிலேயே கனடா நாட்டிலிருந்து கோபால்ட் கருவி வந்து சேர்ந்தது. கோபால்ட்டைத் தொடர்ந்து, மின்னணுக்களைப் பெருவேகத்தில் செலுத்திக் கதிரை உண்டாக்கும் ‘லீனியர் ஆக்சிலரேட்டர்’ வந்தது. 2019-இல் சென்னைத் தரமணியில் புரோட்டான் சிகிச்சை நிலையமும் திறக்கப்பட்டது. குறித்த ஆழம் வரை சென்று அங்கேயே ஆற்றலை இறக்கி நின்றுவிடுவது புரோட்டானின் இயல்பு.

மருத்துவர் கதிரின் அளவைக் குறிப்பார். அது நோயுற்ற இடத்தை மட்டும் சேருமாறு கணக்கிடுபவரும், கருவி பிழையின்றி இயங்குகிறதா எனச் சோதிப்பவரும் மருத்துவ இயற்பியல் வல்லுநர் ஆவார். நோயாளி அவரைப் பெரும்பாலும் காண்பதேயில்லை. பல திசைகளிலிருந்து கதிரைச் செலுத்துவது அவர் கையாளும் முறை. பல வாய்க்கால்களில் சிறிது சிறிதாக வரும் நீர், அவை கூடும் வயலில் மட்டும் நிறைவது போல, கதிர்கள் கூடும் கட்டியில் மட்டுமே முழு அளவு சேர்கிறது.

இவ்வளவு நாட்கள் ஏன் என்று கேட்கலாம். கதிரை அளக்கும் அலகு ‘கிரே’. பெரும்பாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிரே வீதம், வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள் தருவர். இடைவேளையில் நல்ல உயிரணுக்கள் தம்மைப் பழுதுபார்த்துக்கொள்கின்றன. புற்றுநோய் அணுக்களுக்கு அத்திறன் குறைவு. இடையில் நிறுத்தினாலோ அவை மீண்டும் பெருகத் தொடங்கிவிடும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முழுச் சிகிச்சையும் எட்டு வாரங்களுக்குள் முடிய வேண்டும் என மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனாலேயே. சோர்வு, தோல் கருத்தல், வயிற்றுப்போக்கு போன்றவை வரக்கூடும். அவற்றை மருத்துவரிடம் கூறி மருந்து பெற வேண்டுமேயன்றி, சிகிச்சையைக் கைவிடலாகாது.

இனி மருமகளின் கேள்விக்கு வருவோம். விளக்கை அணைத்தபின் அறையில் ஒளி தங்குவதில்லை அல்லவா? அவ்வாறே வெளியிலிருந்து கருவியால் தரும் கதிரும் உடலில் தங்குவதில்லை. அந்நோயாளியைத் தொடலாம், குழந்தையை அவர் மடியில் அமர்த்தலாம், ஒரே தட்டில் உண்ணலாம். தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடின் அருந்தியவரோ சில நாட்கள் விலகியிருக்க மருத்துவர் சொல்வதுண்டு. அச்சொல்லைப் பின்பற்றுதல் வேண்டும்.

நம் பகுதியினர்க்கு வேலூர் சி.எம்.சி., புதுவை ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை ஆகியன எட்டும் தொலைவிலேயே உள்ளன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் உதவி கிடைக்கும். ஆயினும் ஐந்தாறு வாரம் வெளியூரில் தங்குவதற்குத் துணை வேண்டும். வீட்டில் கறவை மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும். இவை கிடைக்காமல் சிகிச்சையைப் பாதியில் விடுவோர் உண்டு. அண்டை வீட்டார் செய்யத்தக்க அறம் இதுவே.

இவற்றையெல்லாம் அன்று அத்திண்ணையில் அமர்ந்து எடுத்துரைத்தோம். மறுநாள் அண்டை வீட்டார் இருவர் மல்லாட்டை பிடுங்க முன்வந்தனர். மருமகளே துணையாகப் புறப்பட்டார். நின்றுபோன நாட்கள் ஒரு வாரத்தைத் தாண்டாததால், மருத்துவர்கள் கணக்கைத் திருத்திச் சிகிச்சையைத் தொடர்ந்து முடித்தனர். நோய் முற்றும் அகன்றதா என்பதை அவர்கள் இனித்தான் கூற வேண்டும். தனிக் குவளை மட்டும் அவ்வீட்டில் இப்போது இல்லை.

அன்புள்ள குடும்பத்தாரே, உங்கள் தெருவிலும் இத்தகைய திண்ணை ஒன்று இருக்கக்கூடும். இன்றே சென்று பாருங்கள்.