இன்சுலினும் ஒரு கணக்குதான்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா எடை போடுபவரானாலும், இராஜபாளையத்தில் பஞ்சு, நூல் மொத்த வியாபாரம் செய்பவரானாலும், நம்மில் பலருக்குக் கல்லாவே கதி. மதியச் சாப்பாடு மூன்று மணியைத் தாண்டிவிடும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் வணிகர்களுக்கு இந்தப் பழக்கம் ஆபத்தானது.

‘ஊசி என்றாலே கடைசிக் கட்டம்’ என்று கடைவீதியில் பேசக் கேட்கிறோம். அது தவறு. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் போதாதபோது, அந்தப் பற்றாக்குறையை வெளியிலிருந்து ஈடுகட்டுகிறோம், அவ்வளவே. 1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்குச் செலுத்தி உயிர் காத்த மருந்து இது.

எடை, அளவில் கருத்தாயிருக்கும் நாம் இதிலும் அப்படியே இருக்க வேண்டும். நம் நாட்டில் மில்லி லிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இருவகை மருந்து உண்டு. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால், உடலில் ஏறுவது 50 யூனிட்! வாங்கும்போதே இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரிக்காத மருந்தை ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரீசரில் வைக்கக் கூடாது. உறைந்த மருந்து பயன்படாது.

ஊசி போட்டபின் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். கல்லாவில் சில்லறையோடு குளுக்கோஸ் பொட்டலமும் இருக்கட்டும். கடைப் பையனுக்கும் சொல்லி வையுங்கள். டாக்டரைக் கேட்காமல் அளவை மாற்றவோ, ஊசியை நிறுத்தவோ வேண்டாம்.

உடம்பே நமது முதல். முதல் இருந்தால்தானே வியாபாரம்!